ஒண்ணாம் நம்பர் வண்டி

சினிமா ஹீரோக்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். அது தொழில் தர்மம். வயதைக் கூட்டிச் சொல்லி, அதற்கு விழாவும் எடுத்து, விழாவுக்கு ஸ்பெஷல் மாடலும் விட்ட ஒருத்தரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் மில்வாக்கி என்கிற ஊரில் இருக்கிறார். பெயர் ஹார்லி டேவிட்சன்.

நம்பிக்கை வரவில்லையா? கணக்குப் போட்டுவிடலாம். 1954 மாடல் ஹார்லிகளின் முன் மட்கார்டில் ஒரு பதக்கம் மின்னும். கம்பெனிக்குப் பொன்விழா, வயது ஐம்பது என்பதற்கான அடையாளம். ரொம்ப சந்தோஷம், வாழ்த்துகள். அடுத்து 75-ஆம் ஆண்டு பவளவிழாவை எப்போது கொண்டாடினார்கள்? 1978-ல். அதாவது, 24 வருஷத்தில் 25 வயது கூடிவிட்டது! இதையே நீங்களும் நானும் செய்தால் சர்டிஃபிகேட் மோசடி. கம்பெனி செய்தால் ஹெரிடேஜ்.

நம்மூர்ப் பெரியவர்கள் பலருக்கு ஸ்கூலில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த ஒரு பிறந்த தேதியும், அம்மா சொன்ன ஒரு பிறந்த தேதியும் தனித்தனியாக உண்டு அல்லவா? ஹார்லிக்கும் அப்படித்தான். நடுவில் யாரோ உட்கார்ந்து, ‘நாம் பிறந்தது 1904 இல்லை, 1903’ என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதிலிருந்து 2003-ல் நூற்றாண்டு விழா வரை எல்லாம் அந்தக் கணக்குதான். ஹெட்மாஸ்டர் யார் என்பதுதான் தெரியவில்லை.

சரி, பிறந்த தேதி குழப்பம் என்றால் பிறந்த குழந்தையையே பார்த்துவிட்டால் போகிறது. கம்பெனி கட்டிய முதல் வண்டி, அந்த புரோட்டோடைப், எங்கே? ‘இதோ’ என்கிறது மில்வாக்கியில் 2008-ல் திறந்த ஹார்லி டேவிட்சன் மியூசியம். கண்ணாடிக் கூண்டுக்குள் மெலிந்த தேகத்தோடு ஒரு வண்டி நிற்கிறது. பெயர் ‘சீரியல் நம்பர் ஒன்’. விவகாரமே அங்கேதான் ஆரம்பம்.

*

கதை 1901-ல் தொடங்குகிறது. வில்லியம் ஹார்லிக்கு இருபது வயது. அந்த வயதில் நாமெல்லாம் காதல் கடிதம் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தோம். அவர் சைக்கிளில் மாட்டுவதற்கு ஒரு குட்டி என்ஜின் வரைந்துகொண்டிருந்தார். 116 சிசி. கூடவே பால்ய சிநேகிதன் ஆர்தர் டேவிட்சன். இரண்டு பேரும் சேர்ந்து ராத்திரி பகலாக ரெண்டு வருஷம் உழைத்து, ஒருவழியாக 1903-ல் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மில்வாக்கியில் சின்னச்சின்ன மேடுகள் உண்டு. மேட்டைப் பார்த்ததும் என்ஜின் மூச்சுவாங்கியது. சரித்திரத்தின் முதல் ஹார்லி ரைடர், வியர்க்க விறுவிறுக்க பெடல் மிதித்துத்தான் மேடு ஏறினார்.

இன்றைக்கு ஹார்லி ஓட்டுகிறவர்களின் முகபாவத்தை நினைத்துப் பாருங்கள். தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, நாலு தெரு அதிரும் சத்தம், ‘நான் யார் தெரியுமா’ என்கிற தோரணை. இத்தனைக்கும் மூலகாரணமான வண்டி, பெடல் மிதிக்காமல் ஒரு மேடுகூட ஏறவில்லை. நண்பர்கள் இருவரும் நல்ல பிள்ளைகள். ‘கற்றுக்கொண்டோம், போதும்’ என்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து அந்தத் தோல்வி நடந்த வருஷத்துக்குத்தான் கேக் வெட்டினார்கள்.

வண்டி கட்ட ஆள் பலமும் வேண்டும். ஆர்தரின் அண்ணன் வால்டர், கான்சாஸில் ரயில்வே மெக்கானிக். ‘புது மோட்டார் சைக்கிள் இருக்கிறது, வந்தால் ஒரு ரவுண்டு ஓட்டலாம்’ என்று தம்பி கடிதம் போட்டார். ஆசையாக ஊருக்கு வந்த அண்ணனுக்குக் கிடைத்தது வண்டி இல்லை, வரைபடம். ‘இதைக் கட்டி முடித்தால் ஓட்டலாம்’ என்றார் தம்பி. கோபப்பட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருக்க வேண்டிய வால்டர், பிற்பாடு அதே கம்பெனிக்கு பிரசிடெண்ட் ஆனார். ஆளெடுப்பு விளம்பரங்களில் ‘வளர்ச்சிக்கு வாய்ப்புண்டு’ என்று போடுகிறார்களே, அது எப்போதாவது நிஜமாகவும் இருக்கும்போல.

இரண்டாவது வண்டிதான் அசல் வண்டி. 405 சிசி. ஃப்ளைவீல் மட்டுமே 13 கிலோ. ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று மார்தட்டலாம்தான். எதற்கும் ஒருமுறை பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்துவிடுவோம்.

என்ஜின்: ஊரில் ஓலே எவின்ரூட் என்று ஒரு கெட்டிக்கார மெக்கானிக் இருந்தார். அவருடைய உதவி இதில் உண்டு. பிற்பாடு படகு மோட்டாருக்குப் பேர்போனவர் இவர். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்புவதற்குள் ஐஸ்கிரீம் உருகிப்போனதால்தான் படகில் மோட்டார் மாட்டும் யோசனையே வந்தது என்று ஒரு கதை உண்டு. ஃபிரேம்: அதே ஊர்க்காரர் ஜோசப் மெர்க்கல் 1903-ல் விட்ட மோட்டார் சைக்கிளின் ஜாடை அப்படியே அடித்தது. பெரிய உதிரி பாகங்கள்: மூத்த அண்ணன் வில்லியம் டேவிட்சன் ரயில்வே பட்டறையில் டூல்ரூம் ஃபோர்மேன். சில பாகங்கள் அங்கே உருவாகி, ஓசைப்படாமல் வெளியே வந்திருக்கலாம் என்கிறார்கள். கார்புரேட்டர்: தக்காளி டப்பாவில் செய்தது என்று ஐதீகம். பெயிண்டிங்: ஜேனட் அத்தை கைவண்ணம். எல்லாம் சரி, இதில் ஹார்லி எது, டேவிட்சன் எது?

கேலிக்காகச் சொன்னாலும் விஷயம் இதுதான். புரோட்டோடைப் என்றாலே இந்த லட்சணம்தான். கையில் கிடைத்தது, கடன் வாங்கியது, பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்தது. அதைச் செய்தவர்களுக்கு அது புனிதப் பொருள் இல்லை. வண்டி ஓடாவிட்டால் பிரித்து, அதே நட்டு போல்ட்டை அடுத்த வண்டியில் மாட்டிவிடுவார்கள். புனிதம் எல்லாம் பேரன் காலத்தில் வருகிற வியாதி.

*

ஹார்லி டேவிட்சன் என்ற வண்டி நிஜமாகவே இந்த பூமியில் ஓடியது என்பதற்குக் கிடைத்திருக்கிற முதல் எழுத்துபூர்வ சாட்சியம் எது தெரியுமா? 1904 செப்டம்பர் 8. மில்வாக்கி ஸ்டேட் ஃபேர் மைதானத்தில் ஒரு ரேஸ். எட்வர்ட் ஹில்டபிராண்ட் என்பவர் ஹார்லியை ஓட்டினார். ஜெயித்தாரா? நாலாவதாக வந்தார். முதல் மூன்று இடங்களில் வந்தவர்களுக்கு யாரும் மியூசியம் கட்டவில்லை.

1905 ஜனவரியில் ஒரு தொழில் பத்திரிகையில் துண்டு விளம்பரம் வந்தது. ‘பாருங்கள், எங்கள் மோட்டார் சைக்கிளை!’ என்றா? இல்லை, ‘என்ஜின் மட்டும் விற்பனைக்கு’ என்று. ஏப்ரலில்தான் முழு வண்டிகள் வெளிவர ஆரம்பித்தன. அந்த வருஷம் டேவிட்சன் வீட்டுக் கொல்லையில் உருவான ஒரு கைப்பிடி வண்டிகளில் மூன்றை, சிகாகோவின் கார்ல் லாங் என்பவர் விற்றுக்கொடுத்தார். உலகின் முதல் ஹார்லி டீலர். ஷோரூம் ஏசி, காபி மெஷின், டெஸ்ட் டிரைவ் எதுவும் கிடையாது. ஆனாலும் கஸ்டமர் வண்டி எடுத்துக்கொண்டு போனார்.

உற்பத்தி நடந்த இடத்தையும் பார்க்கவேண்டுமே. பத்தடிக்குப் பதினைந்தடி மர ஷெட். கதவில் ‘ஹார்லி டேவிட்சன் மோட்டார் கம்பெனி’ என்று எழுதியிருந்தது. கார் நிறுத்தினால் கதவு திறக்க முடியாத இடத்துக்குக் கம்பெனி என்று பேர் வைத்த தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். பிற்காலத்தில் கம்பெனி அந்த ஷெட்டை ஃபேக்டரி வளாகத்துக்கே கொண்டுவந்து கோயில் மாதிரிப் பாதுகாத்தது. எழுபது வருஷம் மழையிலும் பனியிலும் தாக்குப்பிடித்த அந்த ஷெட், 1970-களின் தொடக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் தோற்றது. யார்டைச் சுத்தம் பண்ணச் சொன்னார்கள். அவர் சுத்தமாகச் சுத்தம் பண்ணிவிட்டார்.

ஆக, ஷெட் போச்சு. இன்று மியூசியத்தில் ‘சீரியல் நம்பர் ஒன்’ நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையில் வெளிச்சக் கோடு போட்டு, ‘ஷெட் இவ்வளவுதான் இருந்தது’ என்று காட்டுகிறார்கள். பொருள் போனால் என்ன, லைட்டிங் இருக்கிறதே.

*

வண்டிக்கு வருவோம். 1990-களில் இதைப் பிரித்து ரெஸ்டோரேஷனுக்கு எடுத்தார்கள். பழைய வண்டியைப் பிரிப்பது என்பது பழைய டிரங்குப் பெட்டியைத் திறப்பது மாதிரி இல்லை, போஸ்ட்மார்ட்டம். ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, துரு எடுத்து, எந்தப் பாகம் எந்தக் காலத்தது என்று பூதக்கண்ணாடியோடு உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்தவர்கள் கண்ணில் பட்டது, பல பாகங்களின் உள்பக்கத்தில் குத்தியிருந்த ‘1’ என்ற எண். அவர்களுக்கு எப்படி மயிர்க்கூச்செறிந்திருக்கும்! வண்டிக்கு நாமகரணம் நடந்தது அப்படித்தான்.

சந்தோஷப்பட்டுவிட்டோம். இனி கொஞ்சம் வக்கீல் புத்தியோடு யோசிப்போம். ‘1’ என்று குத்தியிருந்தால் என்ன அர்த்தம்? முதல் வண்டி. சரி, எதில் முதல்? கட்டியதில் முதலா, விற்றதில் முதலா, அந்த வருஷத்தில் முதலா, அந்த டிசைனில் முதலா? அச்சில் ‘1’ இருக்கிறது, ‘1903’ இல்லை. வரிசை எண் பர்த் சர்டிஃபிகேட் ஆகாது. ரேஷன் கடை க்யூவில் முதல் டோக்கன் வாங்கினால் நீங்கள்தான் ஊரிலேயே மூத்தவர் என்று ஆகிவிடுமா?

இந்தக் கேள்வியைத்தான் ஹெர்பர்ட் வாக்னர் என்ற ஆராய்ச்சியாளர் பழைய பத்திரிகை, படம், விளம்பரம் எல்லாவற்றையும் குடைந்து எழுப்பினார். மேடு ஏறாத குட்டி வண்டி வேறு, 1904-ல் ரேஸ் ஓடிய பெரிய வண்டி வேறு. இரண்டின் கதையையும் ஒன்றாகப் பிசைந்து 1903 என்று உருட்டிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. புத்தகம் வெளிவந்த வருஷத்தைக் கவனியுங்கள்: 2003. கம்பெனி நூறு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அதே வருஷம், அந்த மனிதர் ஃபேன் ஸ்விட்சைப் போட்டார்.

மியூசியமும் விவரமானதுதான். அதன் வாசகம், ‘நமக்குத் தெரிந்த ஹார்லிகளில் மிகப் பழையது.’ எத்தனை பத்திரமான வாக்கியம் பாருங்கள்! நாளைக்கே விஸ்கான்சின் மாட்டுக்கொட்டகை ஒன்றில் இதைவிடப் பழைய வண்டி கிடைத்தாலும் இந்த வாக்கியத்தை எழுதியவர் வேலை போகாது.

முதல் வண்டி பற்றி கம்பெனி இவ்வளவு ஜாக்கிரதையாக எப்போதும் பேசியதில்லை. ஹென்றி மேயர் என்ற பள்ளித்தோழர் முதல் வண்டியை வாங்கினாராம். கைமாறிக் கைமாறி ஐந்து பேர் ஓட்டினார்களாம். ஒரு லட்சம் மைல் ஓடியும் ஒரிஜினல் மெயின் பேரிங் அப்படியே இருக்கிறதாம். இதெல்லாம் 1913 வாக்கில் கம்பெனி செய்த விளம்பரம். அந்தக் காலத்து ரோட்டில் லட்சம் மைல்! பேரிங் தாங்கியிருக்கலாம். ஓட்டியவரின் முதுகெலும்பு பற்றி விளம்பரம் மௌனம்.

*

ஒரு வண்டி அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே ஹார்லிக்காரர்கள் நமக்கு ஒரு உபகாரமும் உபத்திரவமும் செய்திருக்கிறார்கள். 1970-க்கு முந்தைய ஹார்லிகளில் ஃபிரேமில் நம்பர் கிடையாது. என்ஜின் நம்பர்தான் வண்டிக்கு ஜாதகம். என்ஜினை மாற்றினால் வண்டிக்கே ஆள்மாறாட்டம். எந்த ஃபிரேமில் எந்த என்ஜினை உட்கார வைத்தாலும் கேட்க ஆளில்லை என்பதால், பழைய ஹார்லி சந்தையில் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை அமோகமாக நடந்தது.

ஆனால் திருடனுக்கு ஒரு வழி என்றால் மெக்கானிக்குக்கு ரெண்டு வழி. கிராங்க்கேஸ் என்பது இரண்டு பாதிகள். ஃபேக்டரியில் இரண்டையும் ஜோடி சேர்த்துக் கடைந்து, அடிவயிற்றில் ஒரே நம்பரைக் குத்துவார்கள். ஜோடி பிரிந்து வேறு ஜோடி சேர்ந்திருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் எழுத்தின் வடிவம். ஃபேக்டரி அச்சுக்கு என்று ஒரு சுழி, ஒரு வால், ஒரு ஆழம் உண்டு. போலி நம்பர் குத்துகிறவன் எல்லாவற்றையும் யோசிப்பான், கடையில் வாங்கிய அச்சில் ‘3’-க்கு மேல்பக்கம் தட்டையா, வளைவா என்பதை மட்டும் யோசிக்க மாட்டான். லட்சக்கணக்கான டாலர் அந்த ஒரு சுழியில் கவிழும்.

இன்னொரு பைத்தியக்காரத்தனமும் உண்டு. முன்பெல்லாம் பழைய வண்டி கிடைத்தால் பளபளவென்று பெயிண்ட் அடித்து, நிக்கல் பூசி, ஷோரூம் மாப்பிள்ளையாக நிறுத்துவதுதான் ரெஸ்டோரேஷன். இப்போது ரசனை தலைகீழ். துரு, உரிந்த பெயிண்ட், எலி கடித்த சீட் எல்லாம் அப்படியே இருந்தால்தான் மவுசு. முப்பது வருஷம் முன்னால் காசு கொடுத்து துரு நீக்கியவர்கள், இன்று அதே துருவை நினைத்து அழுகிறார்கள்.

2023 ஜனவரியில் லாஸ் வேகாஸில் 1908 மாடல் ஹார்லி ஒன்று ஏலம் போனது. டேங்கைப் பட்டை போட்டுத் தொங்கவிட்டிருப்பதால் ‘ஸ்ட்ராப் டேங்க்’ என்று பெயர். விலை 9,35,000 டாலர். ஏல உலகத்தை வியக்கவைத்த ஒரிஜினல் பாகங்களின் பட்டியலில் டேங்க், சக்கரங்கள், பெல்ட் புல்லி, சீட் உறை, சைலன்ஸர் உறை எல்லாம் இருந்தன. சீட் உறை! 1908-ல் யாரோ ஒரு அமெரிக்கர் உட்கார்ந்த உறைக்குப் பக்கத்தில் பணத்தோடு நிற்க ஆள் இருக்கிறது. சீட் உறையையும் விற்றுக் காசாக்கலாம் என்று தெரிந்திருந்தால், நம் வீட்டு லாம்ப்ரெட்டாவை எடைக்குப் போட்டிருப்போமா?

*

நம்பரை நம்ப முடியாதபோது சாட்சியை நம்பலாம் என்பீர்கள். அதற்கும் ஹார்லியிலேயே ஒரு கதை இருக்கிறது.

1969-ல் ‘ஈஸி ரைடர்’ படம் வந்தது. பீட்டர் ஃபோண்டா அமெரிக்கக் கொடி வரைந்த டேங்கோடு, நீட்டிய முன்ஃபோர்க்கோடு ஒரு ஹார்லியில் திரிவார். ‘கேப்டன் அமெரிக்கா’ என்று அந்த வண்டிக்குப் பெயர். சுதந்திரத்தின் சின்னம், கலகத்தின் சின்னம் என்று உலகமே உருகியது. அது ஏலத்தில் ஐந்நூறு டாலருக்கு வாங்கிய பழைய போலீஸ் வண்டி. கலகக்காரன் ஓட்டியது முன்னாள் கான்ஸ்டபிளின் வாகனம்!

அதை அப்படி வெட்டி வளைத்து உருவாக்கியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பினக் கைவினைஞர்கள். படத்தின் டைட்டிலில் பெயர் இல்லை. பல பத்தாண்டுகள் வெளியே யாருக்கும் தெரியாது. வண்டி ஒரிஜினலா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விசாரித்த உலகம், வண்டியைச் செய்த ஒரிஜினல் ஆட்களை விசாரிக்க மறந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் சிரிக்க முடியாத ஒரே இடம் இது.

படத்துக்காக மொத்தம் நாலு வண்டிகள் கட்டினார்கள். மூன்று திருடு போயின. மிஞ்சிய ஒன்று, கிளைமாக்ஸில் நொறுக்கப்பட்டது. அந்தச் சிதிலத்தை வாங்கி மறுபடி கட்டியெழுப்பியவர், படத்தில் வேலை செய்த நடிகர் டான் ஹாகர்ட்டி. ‘இதுதான் அது’ என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. சொன்னார். பிரச்சினை என்னவென்றால், இரண்டு தடவை சொன்னார்.

2014-ல் கலிஃபோர்னியாவில் ஒரு கேப்டன் அமெரிக்கா ஏலத்துக்கு வந்தது. ஹாகர்ட்டியின் அத்தாட்சி கையில். அதே நேரம் டெக்சாஸில் இன்னொருவர், ‘அசல் என் வீட்டில் இருக்கிறதே’ என்றார். அவர் கையிலும் ஹாகர்ட்டியின் அத்தாட்சி! டெக்சாஸ் வண்டி அசல் இல்லை என்று ஹாகர்ட்டியே பிறகு சொன்னார். கலிஃபோர்னியா வண்டிக்கு ஏலத்தில் 13.5 லட்சம் டாலர் கேட்டார்கள். நொறுங்கி, மறுபடி கட்டி, சந்தேகத்தோடு நின்ற வண்டிக்கு இந்த விலை என்றால், திருடு போன மூன்றும் எங்கேயோ எவன் கையிலோ சந்தேகமே இல்லாமல் அசலாக இருக்கலாம். அவனால்தான் வெளியே சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் ஜெர்மானியர்கள் புத்திசாலிகள். உலகத்தின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று சொல்லப்படுவது, காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1885-ல் செய்த மரவண்டி. அரை குதிரைசக்தி. பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டிச் சக்கரங்கள் வேறு, குழந்தை சைக்கிள் மாதிரி. டைம்லரின் பதின்ம வயது மகன் வெள்ளோட்டம் போனபோது, என்ஜின் சூட்டில் சீட் தீப்பிடித்துக்கொண்டது. அந்த வண்டி 1903-ல் கான்ஸ்டாட் ஃபேக்டரி தீயில் மொத்தமாகச் சாம்பல். இன்று மியூசியங்களில் நிற்பதெல்லாம் மாதிரிகள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதும் இல்லை. யாரும் சண்டை போடவில்லை. அசல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அங்கே பொய்க்கு வேலை இல்லை.

*

ஆக, தீர்ப்பு என்ன? ‘சீரியல் நம்பர் ஒன்’ போலியா? கிடையவே கிடையாது. அது அசல் பழைய ஹார்லி. அதைக் கட்டியவர்கள் அசல் கெட்டிக்காரர்கள். ஷெட்டில் ஆரம்பித்து, உறவுகளை வேலை வாங்கி, நாலாவது இடம் பிடித்து, என்ஜினைத் தனியாக விற்று முன்னுக்கு வந்த கதைக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. ஒரு வருஷத்தைக் கூட்டிப் போட்டது அந்த வண்டி இல்லை, அதைக் கும்பிட்டவர்கள். இரும்பு எப்போதும் உண்மைதான் பேசும்; பேச்சுக்கு நடுவில் குறுக்கிடுவது மனுஷன்.

நாளைக்கே யாராவது உங்களிடம் பழைய வண்டி ஒன்றைக் காட்டி, புரோட்டோடைப் என்று ரகசியக் குரலில் சொன்னால், சர்டிஃபிகேட்டைக் கையில் வாங்காதீர்கள். வேட்டியை மடித்துக்கட்டி, தரையில் படுத்து, முதலில் அடிவயிற்று நம்பரைப் பாருங்கள். ‘உலகத்துலயே ஒண்ணுதான் சார் இருக்கு’ என்பார். ரொம்பப் பணிவாகக் கேளுங்கள்: “அந்த இன்னொண்ணு எங்கே?”